ஏழாம் நம்பர் மிஷின் விளக்கு

சைரன் அலறத் தொடங்கியதும் முதல் மாடியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் எழவில்லை. ஏழாம் நம்பர் ஓவர்லாக் மிஷினில் தலையைக் குனிந்தபடி வெள்ளை டி-சர்ட்டின் தோள்பட்டையைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கால் மிதித்துக்கொண்டே இருந்தது, ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தலைக்கு மேலே நூல் ஸ்டாண்டில் நான் கட்டி வைத்திருந்த சிவப்பு விளக்கு அணைந்தே கிடந்தது.

அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அந்த விளக்குதான் அவளுடைய சைரன்.

பக்கத்தில் ஓரம் மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷினில் இருந்த பொங்கலூர்க்கார அம்மா அவள் தோளைத் தொட்டார். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சுற்றிலும் எல்லோரும் நிற்பதைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். அப்புறம் லைன் கடைசியில் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

அது ஆடிட் நாள் காலை. மணி ஒன்பதாகப் பத்து நிமிடம் இருந்தது. பதினொன்றரைக்கு வெளிநாட்டு வியாபாரியின் சார்பில் ஓர் ஆடிட்டர் அம்மா வருவார். வந்ததும் டிரில் என்று சைரனை அடிக்கச் சொல்வார். எத்தனை நிமிடத்தில் எல்லோரும் படியிறங்கிக் கேட் அருகே போய் நிற்கிறோம் என்று பார்ப்பார். அதற்கு முன்னால் ஒரு தடவை சோதித்துவிடலாமே என்று நான்தான் வாட்ச்மேனிடம் சொல்லிப் பொத்தானை அமுக்கச் செய்திருந்தேன்.

நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு மெக்கானிக். பத்தாவதோடு படிப்பை விட்டவன். மிஷின் வேலையைக் கையில் எண்ணெய் பட்டுக் கற்றுக்கொண்டேன். இந்த எலக்ட்ரானிக் போர்டு வேலையைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்த ஆள் இந்தியில் பேசுவார். எனக்கு இந்தி தெரியாது. அவர் கை எங்கே போகிறதென்று பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். போர்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிஸ்கட் அளவில் ஒரு பலகை, நடுவில் ஒரு சிப். நாம் கணினியில் நாலு வரி எழுதி ஒயர் வழியாக அதற்குள் அனுப்பிவிட்டால், அப்புறம் கணினி இல்லாமலே சொன்னதைச் செய்யும். இது நடந்தால் அதை ஏற்று, அது நடந்தால் இதை அணை என்கிற மாதிரி வேலைகள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று செய்தேன். அடுத்தது இவளுக்கு.

சைரனுக்குப் போகும் லைனிலிருந்து ஒரு கிளை ஒயர் எடுத்து அந்தப் போர்டுக்குக் கொடுத்தேன். போர்டை ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அவள் மேஜைக்கு அடியில் திருகினேன். கரண்டுக்கு ஓர் அடாப்டர். சைரன் அடித்தால் விளக்கு மின்னும், அவ்வளவுதான். பின்னால் எப்போதாவது கணினியில் மாட்ட வேண்டியிருக்கும் என்று பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, போர்டின் ஒயர் சொருகும் வாய் வெளியே தெரியும்படி வைத்தேன். அந்த ஓட்டையைப் பற்றி நான் பெருமையாகப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

வைத்த புதிதில் ஒரு கோளாறு வந்தது. கீழே காற்றடைக்கும் கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் லைனில் ஒரு உதறல் வரும். அதைச் சைரன் என்று நினைத்து விளக்கு மின்னியது. அன்றைக்கு அவள் குழந்தைகளுக்கான மஞ்சள் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் பார்த்ததும் கையில் இருந்த சட்டையோடு எழுந்து படியில் ஓடினாள். தனியாக ஓடினாள். கேட் வரை போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை. மாடியில் சிரித்தவர்கள் கெட்ட மனசோடு சிரிக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவள் படியேறி வந்தபோது சிரிப்பு முடிந்திருக்கவில்லை.

அன்று மாலையே போர்டை மறுபடி கணினியில் மாட்டி, மூன்று விநாடி விடாமல் கரண்டு வந்தால்தான் சைரன் என்று மாற்றி எழுதினேன். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. பல மாதம் நன்றாக ஓடியது.

இப்போது ஆடிட்டுக்காகச் சைரனையே மாற்றிவிட்டார்கள். முந்தின நாள்தான் புதுசு மாட்டினார்கள். பழையது ஒரே மூச்சில் ஊதும். புதியது அரை விநாடி கத்தும், அரை விநாடி நிற்கும், மறுபடி கத்தும். மூன்று விநாடி விடாமல் வருவதே கிடையாது. என் போர்டு நான் சொன்னதைத்தான் கேட்கும். இது சைரன் இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாலு வரியை மாற்றி உள்ளே அனுப்பினால் முடிந்தது, கால் மணி நேர வேலை என்று தெம்பாகத்தான் பெட்டியைக் கழற்றினேன்.

மேனேஜர் பின்னாலேயே வந்து நின்றார். வெள்ளகோவில் பக்கத்துக்காரர். கோபம் வந்தால்கூட மரியாதை குறையாத மனுஷன். அதனாலேயே கோபம் எப்போது வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"ஏனுங்க, அந்த விளக்கு எரியலைங்களே?"

"பார்த்துட்டுத்தானுங்க சார் இருக்கேன்."

"பார்த்துட்டு இருந்தா எரிஞ்சிருமாங்க?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த ஆடிட்டுங்கறது பொண்ணு பார்க்க வர்ற மாதிரிங்க. காப்பி எத்தனை நல்லா இருந்தாலும் டம்ளர்ல கறை இருக்குதான்னுதான் தேடுவாங்க. அதை வுடுங்க. நெசமாலுமே ஒரு நாளைக்குத் தீப்புடிச்சு, நாமெல்லாம் எறங்கிப் போயி, இந்தப் புள்ளை மட்டும் மேல தெச்சிட்டு இருந்தா? அதோட அம்மா மூஞ்சியில நான் எப்படீங்க முழிப்பேன்?"

சற்று முன்னால் நானும் அதைத்தான் கண்ணால் பார்த்திருந்தேன்.

"பதினோரு மணி வரைக்கும் பாருங்க. ஆகலைன்னா கீழ பிசிர் வெட்டற மேஜைக்கு அனுப்பிர்றேன். கேட்டுப் பக்கத்துலயே இருக்கும். இன்னிக்கு மட்டும் இல்லீங்க, இனிமேட்டு அங்கேயே இருக்கட்டும்."

பிசிர் வெட்டுவது என்றால், தைத்து வந்த பீஸில் தொங்குகிற நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் நாள் முழுக்க நறுக்குவது. அவள் அந்த மேஜையில் நாலு வருஷம் நின்றவள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது, மாடிக்கு வந்து காலியாகக் கிடக்கும் மிஷினில் வேஸ்ட் துணியை வைத்துத் தைத்துப் பழகியவள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தாலும் கேட்டிருக்க முடியாது. அப்படி வாங்கிய இடம் ஏழாம் நம்பர்.

பொங்கலூர் அம்மா பேட்லாக்கை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "நான் தொட்டு எழுப்பிக்கறேனுங்க சார். பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."

"நீங்க லீவு போடற அன்னிக்கு?"

"நான் எங்கீங்க லீவு போட்டேன்?"

"போன வாரம் ரெண்டு நாளு சீர்வூட்டு விசேசத்துக்குப் போனது யாருங்க அம்மிணி?"

பொங்கலூர் அம்மா வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடுவது எங்கள் மாடியில் அபூர்வமான சங்கதி.

மேனேஜர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பொட்டியே வேண்டாம். விளக்கை நேரா சைரன் ஒயர்ல கட்டிவுட்டுருங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு ஓட்டிக்கலாம்."

அப்படிக் கட்டலாம், ஐந்து நிமிட வேலைதான். ஆனால் கம்ப்ரஸர் உதறலுக்கெல்லாம் மறுபடி மின்னும். அவளிடமே கேட்கலாம் என்று போனேன். நான் வாயை நிதானமாக அசைத்தால் அவள் உதட்டைப் படித்துக்கொள்வாள். ஏழெட்டு வருஷப் பழக்கம். பாதி நான் சொல்வதற்குள்ளேயே புரிந்துவிட்டது. மிஷின் மேல் எப்போதும் இருக்கும் சின்ன நோட்டை எடுத்து எழுதினாள்.

"பொய்யாக எரியும் விளக்குக்கு நான் எழ மாட்டேன்."

எழுதி முடித்து அதன்கீழ் ஒரு கோடும் போட்டாள். எழாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். கீழ்த்தளத்தைக் கண்ணால் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் அடுத்த பீஸை எடுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் மேஜையில் என் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். போர்டில் ஒயரைச் சொருகி மறுமுனையை லேப்டாப்பில் சொருகினேன். போர்டில் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் லேப்டாப் டிடிங் என்று ஒரு சத்தம் கொடுக்கும், வந்தவரை வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி. அது வரவில்லை. எந்த வாசல் வழியாக அனுப்பட்டும் என்று கேட்கும் இடத்தில் ஒரு பெயர் தெரிய வேண்டும். அந்த இடம் சாம்பல் நிறத்தில் காலியாகக் கிடந்தது.

எடுத்துச் சொருகினேன். காலி. இன்னொரு துளையில் மாட்டினேன். காலி. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அது எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஆள் குளித்துத் தலை துவட்டியிருக்கலாம். மறுபடியும் காலி.

ஒயர்தான் கோளாறோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சில ஒயர்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவல் கொண்டுபோகாது. அதனால் அதே ஒயரில் என் பழைய போனை மாட்டினேன். டிடிங். போனில் இருக்கும் படமெல்லாம் லேப்டாப்பில் வந்து நின்றது. ஒயரும் லேப்டாப்பும் நன்றாக இருக்கின்றன என்றால் மிச்சம் போர்டுதான். மணி ஒன்பதே முக்கால்.

போர்டில் விளக்கு எரிகிறது, அதனால் சொருகல் சரியாகத்தான் இருக்கிறது, கணினியோடு பேசுகிற சிப்தான் போய்விட்டது. இப்படி ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முதல் பாதியை ஒரு நிமிடம் கூடச் சந்தேகப்படவில்லை. புதுப் போர்டு வேண்டுமென்றால் கோயம்புத்தூர் போக வேண்டும். போய்த் திரும்ப மூன்று மணி நேரம்.

அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இந்த ஊரில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் ஏர் கன். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் மிஷினில் அடைந்த பஞ்சு பறக்கும், சட்டையில் ஒட்டினது பறக்கும், சாப்பாட்டு டப்பா மூடியில் இருக்கும் தூசியைக்கூட அடித்துவிட்டுத்தான் திறப்போம். அந்தக் கை வாகில் நானும் ஏர் கன்னை எடுத்துப் போர்டின் வாய்க்கு நேராக வைத்து அழுத்தினேன். காற்றோடு தண்ணீரும் வந்தது. அன்று காலை யாரும் கம்ப்ரஸர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடவில்லை. சிப் மேல் முத்து முத்தாக நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு பனியன் வேஸ்ட் துணியால் ஒற்றி எடுத்தேன். ஃபேனுக்கு முன்னால் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிடமும் அவள் மிஷின் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

காய்ந்ததும் மாட்டினேன். விளக்கு எரிந்தது. டிடிங் இல்லை.

கட்டைவிரலை வைத்து ஒயரை அழுத்தித் தள்ளினேன். போர்டு லேசாக முனகியது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் அந்த வாயே பெயர்ந்து கையோடு வந்திருக்கும். கையை எடுத்துவிட்டேன்.

ஒரே வழிதான் மிச்சம் இருப்பதாகப் பட்டது. அந்த வாயை நம்பாமல், ஒயரை அறுத்து உள்ளே இருக்கும் நாலு மெல்லிய நரம்புகளையும் நேராகப் போர்டின் மேல் பற்றவைத்துவிடுவது. ஒவ்வொன்றும் தலைமுடி அளவு இடத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் வழிந்து பக்கத்தில் தொட்டால் போர்டு செத்துவிடும். அப்புறம் இருக்கிற பெட்டியும் இல்லாமல் போகும். பற்றவைக்கும் கோலைச் சூடேற்றி வைத்தேன். மணி பத்தே முக்கால். டீ பெல் அடித்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அவளும் பொங்கலூர் அம்மாவும் டீ டம்ளரோடு என் மேஜைக்கு வந்தார்கள்.

"லைட்டு எரியுதுங்களே அண்ணா?" என்றார் பொங்கலூர் அம்மா, போர்டை எட்டிப் பார்த்து.

"எரியுது அம்மிணி. அதான் புரியல."

"அதென்னங்ணா புரியாம? பொழுதோட கடைய மூடறவன் லைட்ட அணைக்க மறந்துட்டு ஊட்டுக்குப் போயிட்டான்னு வெச்சுக்குங்க. வெளிச்சம் தெரியுதுன்னு நாம போயித் தட்டிட்டே நிப்போம். உள்ள ஆளு இருக்கோணுமல்ல?"

வேறு நாளாக இருந்தால் இந்த மாதிரி பேச்சை உடனே நோட்டில் குறித்துக்கொள்வேன். சட்டைப்பையில் அதற்கென்றே ஒரு சின்ன நோட்டு உண்டு. அவர் சொன்னதே அதில் ஏழெட்டுப் பக்கம் இருக்கும். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அம்மிணி. கை நடுங்குது எனக்கு."

"நான் சும்மா இருந்தா உங்க கை நிக்குமாங்ணா? அப்படீன்னா பேசலீங்க."

அறுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ஒயரைப் போனில் மாட்டிப் பார்த்தேன். டிடிங். போர்டில் மாட்டினேன். ஒன்றுமில்லை. கத்தரியை எடுத்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒயரை வாங்கி அவளே போனில் சொருகினாள். சொருகிய இடத்தை விரலால் காட்டினாள். உருவிப் போர்டில் சொருகினாள். மறுபடி அந்த இடத்தைக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. "என்ன?" என்றேன்.

அவள் இடது கையை முஷ்டியாக மூடித் தலைகீழாகப் பிடித்தாள். வலது ஆள்காட்டி விரலை அதற்குள் கீழிருந்து மேலே ஏற்றினாள். பாதியில் நிறுத்தினாள். தலையை இல்லை என்று ஆட்டினாள். அப்புறம் புருவத்தை நெரித்து, உதட்டை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பொங்கலூர் அம்மா குபுக்கென்று சிரித்துவிட்டார். "அது நீங்கதாங்ணா! ஊசி முழுசா ஏறியிருக்குதா பாருன்னு எங்களைத் தெனமும் வெய்வீங்களே, அந்த மூஞ்சி!"

தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று எந்த டைலர் கூப்பிட்டாலும் போய் நின்று நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஊசியை மாற்றும்போது மேலே முட்டுகிற வரை ஏற்றாமல் பாதியில் திருகை இறுக்கிவிடுவார்கள். ஊசி இருக்கும், ஆடும், துணியைக் குத்தவும் செய்யும். தையல் மட்டும் பிடிக்காது. மாடிக்கு வந்த நாளிலிருந்து அதை நான் கத்துவதை அவள் என் உதட்டில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

குனிந்து பார்த்தேன். போனில் மாட்டும்போது ஒயர் முனையின் வெள்ளி இரும்பு முழுக்க உள்ளே மறைந்துவிடுகிறது. போர்டில் மாட்டும்போது நகக்கண் அளவு வெளியே தெரிகிறது. கரண்டு போகிற தகடு நீளம், அது தொட்டுவிடுகிறது; தகவல் போகிற தகடு குட்டை, அது எட்டவில்லை.

போன் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தேன். உள்ளே கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். ஓவர்லாக்கில் நூல் கோக்கும் டிவீசர் இடுக்கியை ஏப்ரன் பையிலிருந்து எடுத்தாள். முனையை உள்ளே விட்டு, ஒரு ஓரத்தைக் கவ்வி, அவசரமே இல்லாமல் இழுத்தாள். முதலில் ஒரு இழை வந்தது. இரண்டாவது தடவை மொத்தமாகக் கழன்று வந்தது.

பஞ்சு. ஆனால் பறக்கிற பஞ்சு இல்லை. தட்டித் தட்டிக் கம்பளிபோல் இறுகிப்போன பஞ்சு, அரிசி அளவில். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். வரி வரியாக நிறம் இருந்தது. மேலே வெள்ளை, இந்த வாரம் ஓடுகிற ஆர்டர். அதற்குள் கருநீலம். அதற்குள் கிறிஸ்துமஸுக்குப் போன சிவப்பு. அடியில், எல்லாவற்றுக்கும் உள்ளே, கொஞ்சம்போல் மஞ்சள். அவள் கையில் பிடித்துக்கொண்டு கேட் வரை ஓடிய அந்தக் குழந்தைச் சட்டையின் மஞ்சள். நான் கடைசியாக இந்த வாயில் ஒயர் சொருகிய நாள் அதுதான்.

அவள் அந்த மஞ்சளைக் கண்டுகொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மணி பதினொன்று. படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் வந்து நிற்கவும் நான் ஒயரைச் சொருகவும் சரியாக இருந்தது. வெள்ளி தெரியவில்லை. முழுசாக உள்ளே போயிற்று.

டிடிங்.

மேனேஜருக்கு அது என்ன சத்தமென்று தெரியாது. பொங்கலூர் அம்மாவுக்கும் தெரியாது. அவளுக்குக் கேட்கவே கேட்காது. ஆனால் மூன்று பேருமே என் மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

"பதினஞ்சு நிமிசம் குடுங்க சார்" என்றேன்.

"ஆடிட்டர் காரு சொன்ன நேரத்துக்கு முன்னாடியே அவினாசி ரோட்டுல வந்துட்டு இருக்குதுங்க. பத்துத்தான்."

மூன்று விநாடி எண்ணிப் பார், அதற்குள் இரண்டு தடவையாவது கத்தி நின்றிருந்தால் அது சைரன், ஒரே ஒரு உதறல் என்றால் கம்ப்ரஸர். இப்படி மாற்றி எழுதினேன். ஒரு இடத்தில் புள்ளி விட்டுப்போனதற்கு லேப்டாப் திட்டியது. திருத்தினேன். அனுப்பினேன். திரையில் எண் ஊர்ந்து நூறைத் தொடுகிற வரைக்கும் மேனேஜர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். பெட்டியை மாட்டி நான் மேஜைக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தபோது, ஆடிட்டர் அம்மா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தார்.

சைரனோடு வைத்துச் சோதிக்க நேரமே கிடைக்கவில்லை. எழுதியது சரியா என்று அந்த டிரில்லில்தான் எனக்கும் தெரியும்.

கம்பெனியைச் சுற்றி வருவதெல்லாம் அப்புறம், முதலில் டிரில் என்றுவிட்டார். போனில் நேரத்தை வைத்துக்கொண்டு தலையசைத்தார். வாட்ச்மேன் பொத்தானை அமுக்கினார்.

சைரன் கத்தியது. நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். பொங்கலூர் அம்மாவின் கை அவள் தோளுக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றது. நான் தொடாதீங்க என்று தலையை ஆட்டினேன். ஒன்று. சைரன் மறுபடி கத்தியது. இரண்டு. விளக்கு அணைந்தே இருந்தது. மேனேஜர் என்னைப் பார்ப்பது தெரிந்தது, நான் அவரைப் பார்க்கவில்லை. கீழே கம்ப்ரஸர் வேறு கிளம்பியது. மூன்று.

சிவப்பு மின்னியது.

அவள் எழவில்லை.

காலையில் எழுதியதும் அதன்கீழ்க் கோடு போட்டதும் கண் முன்னால் வந்தது. விளக்கை நம்பவில்லை என்று நினைத்துவிட்டேன். அவள் தோள்பட்டையின் கடைசி இரண்டு அங்குலத்தைத் தைத்து முடித்தாள். நூலை அறுத்தாள். பீஸைக் கட்டின் மேல் வைத்தாள். கீழே குனிந்து மோட்டார் சுவிட்சை அணைத்தாள். அப்புறம்தான் எழுந்தாள். ஓடவில்லை. பொங்கலூர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தம்மாவை இழுத்துக்கொண்டு போகிறவள் மாதிரி நடந்து போனாள்.

கேட் அருகே தலைகளை எண்ணி முடித்ததும் ஆடிட்டர் அம்மா மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். மேனேஜரிடம் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார். ஆடிட்டர் அம்மா உள்ளே போனதும் மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எறங்கறப்ப மோட்டாரை அணைக்கோணும்னு மாசாமாசம் சொல்றனுங்களா இல்லீங்களா? மாடியில எல்லா மிஷினும் ஓடிட்டுக் கெடக்குதாம். ஒண்ணே ஒண்ணுதான் அணைஞ்சிருந்துதாம், ஏழாம் நம்பரு. இத்தனை பேருக்குக் காது நெம்ப நல்லாத்தான் கேக்குது, போங்க!"

பிசிர் மேஜையைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

மாலையில் அவள் நோட்டோடு என் மேஜைக்கு வந்தாள். "வேலை முடிந்ததும் தினமும் என் மிஷினோடு அந்தப் பெட்டிக்கும் ஏர் அடிப்பேன். சுத்தமாக இருக்கட்டும் என்று. அதனால்தானே?"

இல்லை என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆனால் உள்ளங்கையில் அந்த நிறங்களை அவளும் பார்த்திருந்தாள். ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, நோட்டை வாங்கி எழுதினேன். "ஓட்டையைத் திறந்து வைத்தவன் நான். இன்று காலை நானும் ஒரு தடவை அடித்தேன்."

படித்துவிட்டு யோசித்தாள். அப்புறம் அதே கோணல் உதட்டை எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் நீலப் பெட்டிக்கு ஒரு வெள்ளை உறை. டி-சர்ட் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் ஓவர்லாக் போட்டுத் தைத்தது. பெட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டையைச் சரியாக மூடியிருந்தது. அதன் மேல் அவள் இன்னும் தினமும் ஏர் அடிக்கிறாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் டீ பெல்லுக்கு முன்னால் சைரனை ஒரு தடவை அடித்துப் பார்க்கிறோம். லைன் கடைசியில் நின்றுகொண்டு நான் அந்த விளக்கையே பார்க்கிறேன். மூன்று வரை எண்ணுகிறேன். மூன்று எண்ணுவது இத்தனை பெரிய வேலை என்று அந்த நாளுக்கு முன்னால் எனக்குத் தெரியாது.